எட்டாவது சர்வரும் ஏழு மணி ஹாஸ்டல் கேட்டும்

உங்க பென் டிரைவை ஒரு தடவை திறந்து பாருங்க பாஸ். 'ப்ராஜெக்ட் ஃபைனல்', 'ப்ராஜெக்ட் ஃபைனல் 2', 'ரியல் ஃபைனல்', 'சார் சொன்ன கரெக்‌ஷன் ஃபைனல்', எல்லாத்துக்கும் கடைசியா 'இதைத் தொடாதே'ன்னு ஒரு ஃபோல்டர். இருக்கா இல்லியா? கம்ப்யூட்டர் சயின்ஸா இருந்தாலும் சரி, கோர் கம்பெனி வராதுன்னு பைத்தான் பக்கம் வந்த மெக்கானிக்கலா இருந்தாலும் சரி, இந்த விஷயத்துல நாம எல்லாரும் ஒரே ஜாதி!

இந்த அஞ்சு ஃபோல்டர்ல எது நிஜமா ஓடும்னு டீம்ல ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அவர் பொங்கலுக்கு ஊருக்குப் போயிட்டா ப்ராஜெக்டும் அவரோட சேர்ந்து கோயம்பேட்டுலயோ கிளாம்பாக்கத்துலயோ பஸ் ஏறிடும்.

இந்த வார மேட்டர் இதுதான். புரோகிராம் எழுதுறதைப் பத்தி நமக்கு நாலு செமஸ்டர் சொல்லித் தர்றாங்க. எழுதினதை ஒண்ணு சேர்த்து, சரியா இருக்கான்னு சோதிச்சு, ஜனங்க பயன்படுத்துற சர்வர்ல ஏத்துறதைப் பத்தி பெரும்பாலும் யாரும் மூச்சு விடுறதில்லை. இந்த மூணையும், அதாவது பில்ட், டெஸ்ட், டிப்ளாய் மூணையும், மெஷின்கிட்ட ஒப்படைக்கிறதுக்குப் பேர்தான் சி.ஐ., சி.டி. (ஒரு காலத்துல பர்மா பஜார்ல வித்த சி.டி. இல்லீங்கோ!)

நான் இன்டர்ன்னு வந்து உட்கார்ந்திருக்கிற இந்தப் பத்திரிகை ஆபீஸையே எடுத்துக்குங்க. நான் எழுதித் தர்றது நேரா அச்சுக்குப் போயிடாது. நாலு பேர் எழுதினது சேர்ந்து பக்கமா மாறணும், ஒருத்தர் ப்ரூஃப் பார்க்கணும், அப்புறம்தான் மெஷின். சாஃப்ட்வேர்லயும் அதே கதைதான். ஆளாளுக்கு எழுதினதை நாள் தவறாம ஒண்ணா சேர்த்துச் சோதிச்சுக்கிட்டே இருந்தா அது கன்டினியுவஸ் இன்டக்ரேஷன், அதான் சி.ஐ. எப்ப வேணும்னாலும் வெளியில அனுப்புற மாதிரி ரெடியா வச்சிருந்து, கடைசி பட்டனை மட்டும் ஒரு மனுஷன் அழுத்தினா கன்டினியுவஸ் டெலிவரி. அந்தப் பட்டனும் கிடையாது, டெஸ்ட் பாஸானா தானா போயிடும்னா கன்டினியுவஸ் டிப்ளாய்மென்ட். இன்டர்வியூவுல இந்த டி-க்கும் அந்த டி-க்கும் என்ன வித்தியாசம்னு கேட்பாங்க. அதுக்குப் பதில் இந்த ரெண்டு வரிதான். முடிஞ்சுது.

'கையால காப்பி பண்ணினா என்ன குடியா முழுகிடும்?'னு கேட்கிறவங்களுக்கு ஒரு கதை சொல்றேன். நிஜமாவே முழுகின கதை.

எட்டுல ஒண்ணு போனா...

அமெரிக்காவுல நைட் கேபிடல்னு ஒரு கம்பெனி. பங்குச் சந்தையில மத்தவங்க ஆர்டரை எடுத்து வாங்கி விக்கிறது தொழில். 2012 ஆகஸ்ட் 1-ம் தேதி நியூயார்க் பங்குச் சந்தையில ஒரு புதுத் திட்டம் தொடங்க இருந்தது. அதுக்காக இவங்க புது கோட் எழுதினாங்க. ஏத்த வேண்டியது எட்டு சர்வர்கள். டெக்னீஷியன் ஒருத்தர் சில நாள் முன்னாடியே ஒவ்வொண்ணா ஏத்தினார். ஏழுல ஏறிடுச்சு. எட்டாவது விட்டுப்போச்சு. இன்னொரு ஆள் சரிபார்க்கணும்னு அந்தக் கம்பெனியில எழுதி வச்ச விதி எதுவும் இல்லை.

எட்டாவது சர்வர்ல பழைய கோட் அப்படியே கிடந்தது. அதுக்குள்ள 2003-லயே நிறுத்திட்ட ஒரு வசதி, 'பவர் பெக்'னு பேர், அழிக்காம விட்டு வச்சிருந்தாங்க. நம்ம வீட்டுப் பரண்ல கிடக்கிற பழைய கிரைண்டர் மாதிரி. கொடுமை என்னன்னா, புது கோடை இயக்க அவங்க எடுத்துக்கிட்ட ஸ்விட்ச், அந்தப் பழைய கிரைண்டரோட அதே ஸ்விட்ச்! ஏழு சர்வர்ல புது வசதி ஓட, எட்டாவதுல ஒன்பது வருஷமா தூங்கின பூதம் எழுந்துடுச்சு. ஒரு ஆர்டர் நிறைவேறிடுச்சான்னு பார்த்து நிறுத்துற பகுதியை 2005-லயே அதுலேர்ந்து வேற இடத்துக்கு மாத்தியிருந்தாங்க. அதனால பூதத்துக்கு நிறுத்தத் தெரியலை.

வாடிக்கையாளர்கள் கொடுத்த ஆர்டர் வெறும் 212. அதை நிறைவேத்துறேன்னு 45 நிமிஷத்துல 40 லட்சத்துக்கும் மேல ஆர்டர்கள் சந்தைக்குப் பறந்தது. கைமாறின பங்குகள் 39 கோடியே 70 லட்சம். கடைசியில நஷ்டம் 46 கோடி டாலருக்கும் மேல. நம்ம ஃபர்ஸ்ட் ஹவர் லெக்சர் முடியறதுக்குள்ள!

இதுல எனக்கு வயித்தைக் கலக்குற இடம் வேற. சந்தை திறக்கிறதுக்கு முன்னாடியே அவங்க சிஸ்டம் 97 மெயில் அனுப்பியிருக்கு, ஏதோ தப்புன்னு. அதை எச்சரிக்கைன்னு யாரும் எடுத்துக்கலை. அப்புறம், நெருப்புப் பிடிச்ச நேரத்துல, புது கோட்தான் பிரச்னைன்னு நினைச்சு, சரியா இருந்த ஏழு சர்வர்லேர்ந்தும் அதை எடுத்துட்டாங்க. ஒரு பூதம் எட்டு பூதம் ஆச்சு. கம்பெனி வெளியார் பணத்துல தப்பிப் பிழைச்சு, 2013-ல கெட்கோங்கிற இன்னொரு கம்பெனியோட இணைஞ்சுது. அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம் அதே வருஷம் அக்டோபர்ல 1 கோடியே 20 லட்சம் டாலர் அபராதம் போட்டுது. மேலே சொன்ன விவரம் எல்லாம் அந்த ஆணையத்தோட உத்தரவுலயே வரிசையா இருக்கு. ஏதாவது ஒரு போரடிக்கிற பஸ் பயணத்துல படிச்சுப் பாருங்க, க்ரைம் நாவல் தோத்துடும்.

அந்த டெக்னீஷியனைத் திட்ட எனக்கு மனசு வரலை. எட்டு தடவை ஒரே வேலையைச் செய்யச் சொன்னா மனுஷன் ஒரு தடவை மறப்பான். நூறு பேருக்குப் பரிமாறுற பந்தியில யாராவது ஒருத்தருக்கு அப்பளம் விட்டுப்போகும் இல்லியா? அதை எண்ணிப் பார்க்க ஆளே வைக்காததுதான் தப்பு. இந்த இடத்துல பத்து வரி ஸ்க்ரிப்ட் ஒண்ணு இருந்திருந்தா, எட்டு சர்வர்லயும் ஒரே கோட் இருக்கான்னு பார்த்துட்டு, 'இல்லை, நான் ஸ்டார்ட் பண்ண மாட்டேன்'னு அடம் பிடிச்சிருக்கும். மெஷினுக்கு அலுப்பு கிடையாது, அதான் அதோட பெரிய ப்ளஸ்.

டேப் மகாத்மியம்

இந்த ஐடியா ஒண்ணும் நேத்து முளைச்சது இல்லை. 1976-ல அமெரிக்காவுல பெல் லேப்ஸ்ல ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன்னு ஒருத்தர் 'மேக்'னு ஒரு புரோகிராம் எழுதினார். கூட வேலை பார்த்தவர் ஒரு காலை முழுக்க, சரியான புரோகிராமையே நோண்டி நோண்டித் தப்பு தேடியிருக்கார். தப்பை ஏற்கெனவே திருத்தியாச்சு; ஆனா திருத்தின ஃபைலை மறுபடி கம்பைல் பண்ணலை. அவ்வளவுதான்! அந்தக் கடுப்புல பிறந்ததுதான் மேக். எந்த ஃபைல் மாறியிருக்குன்னு பார்த்து அதை மட்டும் திரும்பக் கட்டும். இன்னிக்கும் லினக்ஸ் கெர்னலைக் கட்டுறது மேக் வச்சுத்தான்.

அதுல கட்டளை வரிகள் டேப் வச்சுத்தான் தொடங்கணும்னு ஒரு விதி. ஸ்பேஸ் வச்சா ஏத்துக்காது. இது சரியில்லைன்னு ஃபெல்ட்மேனுக்கே சீக்கிரம் தெரிஞ்சுபோச்சு. அதுக்குள்ள பத்துப் பன்னெண்டு பேர் அதைப் பயன்படுத்த ஆரம்பிச்சிருந்தாங்க. அவங்களுக்குத் தொல்லை தர வேண்டாம்னு விட்டுட்டார். அந்தப் பன்னெண்டு பேருக்காக அம்பது வருஷமா உலகமே டேப் தட்டிக்கிட்டு இருக்கு.

அடுத்த கடுப்பு 2004-ல. சன் மைக்ரோசிஸ்டம்ஸ்ல வேலை பார்த்த கோஸுகே கவாகுச்சி எழுதின கோட், அடிக்கடி மத்தவங்க பில்டை உடைச்சுக்கிட்டு இருந்ததாம். எல்லார்கிட்டயும் பாட்டு வாங்கிச் சலிச்சுப்போய், கோடை ஊருக்கு அனுப்புறதுக்கு முன்னாடி தனக்காகச் சோதிச்சுச் சொல்ல ஒரு வேலைக்காரனை புரோகிராமா எழுதினார். பேரு ஹட்சன். ஆரக்கிள் 2010-ல சன்னை வாங்கினதும் பேர் யாருக்குச் சொந்தம்னு தகராறு வந்து, 2011-ல அது ஜென்கின்ஸ் ஆச்சு. வேலை விளம்பரங்கள்ல நீங்க பார்க்கிற அதே ஜென்கின்ஸ்தான். லோகோவுல கோட்டு போட்ட ஒரு பட்லர் நிக்கிறாரே, அவரோட பூர்வ கதை இது.

நாம முதல்ல பார்க்கப் போறது ஜென்கின்ஸ் இல்லை. சொந்தமா சர்வர் வேணும், அதைப் பராமரிக்கணும். கிட்ஹப்ல 2019-லேர்ந்து 'ஆக்‌ஷன்ஸ்'னு ஒரு வசதி இருக்கு. ப்ராஜெக்டை எல்லாரும் பார்க்கிற மாதிரி பப்ளிக்கா வச்சிருந்தா, அவங்களோட சாதாரண மெஷின்கள்ல ஓட்டுறதுக்குக் காசு கிடையாது. காசு கிடையாதுங்கிற வார்த்தை ஸ்டூடன்ட் காதுல எப்படி விழும்னு எனக்குத் தெரியாதா என்ன?

மெஸ் பில்லும் ஒரு பைசாவும்

உதாரணத்துக்கு ஹாஸ்டல் மெஸ் பில் போடுற புரோகிராம்னு வச்சுக்குங்க. டிவைடிங் சிஸ்டம். மாசச் செலவை, எல்லாரும் சாப்பிட்ட மொத்த நாட்களால வகுத்தா ஒரு நாள் ரேட். அதை அவங்கவங்க நாட்களால பெருக்கினா பில். நாலு வரி கோட். இதுக்கு என்ன டெஸ்ட் வேண்டிக்கிடக்குன்னு தோணும்.

தோணட்டும். மூணு பேர், ஆளுக்குப் பத்து நாள், செலவு 1,000 ரூபாய். ஆளுக்கு 333 ரூபாய் 33 பைசா. கூட்டிப் பாருங்க, 999 ரூபாய் 99 பைசா. அந்த ஒரு பைசா யார் வீட்டுக்குப் போச்சு? முந்நூறு பேர் ஹாஸ்டல்னா வார்டன் ரெஜிஸ்டரும் நம்ம பில்லும் மாசா மாசம் இடிக்கும். அப்ப முதல் டெஸ்ட் இது: எல்லார் பில்லையும் கூட்டினா மொத்தச் செலவு அப்படியே வரணும். இதை பாஸ் பண்ண வைக்கணும்னா ரூபாயை விட்டுட்டுப் பைசாவுல முழு எண்ணா கணக்குப் போட்டு, மீதி வர்ற பைசாவை ஆளுக்கு ஒண்ணா ஏத்திவிடணும். 33,333 பைசா, 33,333 பைசா, 33,334 பைசா. டேலி!

ரெண்டாவது டெஸ்ட், மாசம் பூரா ஊருல இருந்தவருக்கு பில் பூஜ்ஜியம். மூணாவது, மே மாச லீவு. மெஸ்ஸே மூடியிருக்கு, மொத்த நாள் பூஜ்ஜியம். பூஜ்ஜியத்தால வகுக்கச் சொன்னா புரோகிராம் கால் நீட்டிப் படுத்துடும். அப்ப என்ன பண்ணணும்னு நீங்கதான் முடிவு பண்ணணும்.

டெஸ்ட் எழுதுறது கோட் எழுதுறதுக்கு அப்புறம் வர்ற வெட்டி வேலைன்னு நினைச்சுக்கிட்டு இருந்தவங்க கவனிங்க, அந்த மெஸ்ஸைப் பத்தி நாம யோசிச்சதே டெஸ்ட் எழுத உட்கார்ந்தப்பதான்.

அடுத்தது மெஷினுக்குச் சொல்லித் தர்றது. ப்ராஜெக்டுக்குள்ள 'டாட் கிட்ஹப்'னு ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள 'ஒர்க்ஃப்ளோஸ்'னு ஒரு ஃபோல்டர், அதுல ஒரு யாமல் ஃபைல். (பேரே யாமல்தான். தூங்க முடி'யாமல்', சாப்பிட முடி'யாமல்' வேலை பார்க்கிறதால வச்சதில்லை!) அதுல மூணு சங்கதி எழுதணும். எப்ப ஓடணும்? யாராவது கோடை புஷ் பண்ணும்போது. எந்த மெஷின்ல? உபுண்டு. என்ன செய்யணும்? கோடை எடு, பைத்தானைப் போடு, தேவையான பேக்கேஜ்களை இன்ஸ்டால் பண்ணு, பைடெஸ்ட்டை ஓட்டு. இருபது வரி தாண்டாது. ஒரே எச்சரிக்கை, இங்க வரியைத் தள்ளி எழுத டேப் தட்டினா ஒத்துக்காது, ஸ்பேஸ்தான். மேக்ல டேப் கட்டாயம், யாமல்ல டேப் கூடாது. மாமியார் வீடும் அம்மா வீடும் மாதிரி ஆளுக்கொரு சட்டம்.

இப்ப ஏ.ஐ.கிட்ட கேட்டா அந்த யாமலை அரை நிமிஷத்துல எழுதித் தந்துடுது. வாங்கிக்குங்க, அதுல கௌரவம் பார்க்க ஒண்ணுமில்லை. ஆனா உங்க ஹாஸ்டல்ல மெஸ் மூடின மாசத்துக்கு எஸ்டாப்ளிஷ்மென்ட் சார்ஜ் உண்டா இல்லையான்னு அதுக்குத் தெரியாது. அதை வார்டன் சாரைத்தான் கேட்கணும்.

முதல் தடவை புஷ் பண்ணினதும் பெரும்பாலும் சிவப்பு பெருக்கல் குறிதான் வரும். பதறாதீங்க. அங்கதான் பாடமே ஆரம்பிக்குது. ஏன்னா ஒவ்வொரு தடவையும் அந்த மெஷின் புத்தம் புதுசா, காலியா எழுந்திருக்கும். உங்க லேப்டாப்ல போன வருஷம் எதுக்கோ இன்ஸ்டால் பண்ணின பேக்கேஜ் அங்க இருக்காது. 'தேவை' லிஸ்ட்ல அதை எழுத விட்டுப்போயிருந்தா உடனே மாட்டும். 'சி டிரைவ், யூசர்ஸ், டெஸ்க்டாப்'னு முழு முகவரி எழுதின இடம் மாட்டும். இன்னொண்ணு செம காமெடி. படத்தோட ஃபைல் பேர்ல பெரிய 'எல்' போட்டிருப்பீங்க, கோட்ல சின்ன 'எல்'. விண்டோஸ் பெரிய மனசு பண்ணி ரெண்டும் ஒண்ணுதான்னு திறந்துடும். லினக்ஸ் சின்னதைக் கேட்டா சின்னதைத்தான் தேடும். 'என் லேப்டாப்ல ஓடுதே சார்'ங்கிற டயலாக்குக்குப் பின்னாடி பாதி நேரம் இந்த மூணுல ஒண்ணுதான் ஒளிஞ்சிருக்கு.

பாஸ்வேர்டைப் பத்தி ஒரு வார்த்தை. டேட்டாபேஸ் பாஸ்வேர்டைக் கோடுக்குள்ள எழுதி பப்ளிக்கா புஷ் பண்ணிடாதீங்க. அப்படிக் கசியறதை மோப்பம் பிடிக்கவே புரோகிராம்கள் சுத்திக்கிட்டு இருக்கு. 'சீக்ரெட்ஸ்'னு தனிப் பெட்டி கொடுத்திருக்காங்க, அதுல போடுங்க. அழிச்சிட்டேனேன்னும் நிம்மதியா இருக்க முடியாது. கிட் எல்லாப் பழைய கதையையும் ஞாபகம் வச்சிருக்கும், அத்தை மாதிரி. பாஸ்வேர்டையே மாத்தணும்.

தானா போச்சு, தானா கவிழ்ந்துது

சரி, எல்லாத்தையும் மெஷின்கிட்ட கொடுத்தாச்சு, இனிமே கவலை இல்லைன்னு காலை நீட்டிடலாமா? 2024 ஜூலை 19-ம் தேதி ஞாபகம் இருக்கா? உலகம் பூரா ப்ளூ ஸ்க்ரீன். நம்ம நாட்டு ஏர்போர்ட்கள்லயே பேனாவால எழுதின போர்டிங் பாஸ் கொடுத்தாங்களே, அந்த நாள். க்ரவுட்ஸ்ட்ரைக்ங்கிற பாதுகாப்பு சாஃப்ட்வேர் கம்பெனி அனுப்பின ஒரு சின்ன அப்டேட், சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்களைச் சாய்ச்சுது.

இங்க யாரும் எட்டாவது சர்வரை மறக்கலை. எல்லாம் ஆட்டோமேட்டிக். அப்டேட்டைச் சோதிக்க ஒரு புரோகிராமும் இருந்தது. சோதிக்கிற அந்த புரோகிராம்லயே ஓட்டை! கம்பெனி பின்னாடி வெளியிட்ட அறிக்கைப்படி, ஒரு பகுதி 21 மதிப்புகளை எதிர்பார்த்தது, இன்னொரு பகுதி 20 மட்டுமே கொடுத்தது. அதுக்கு முன்னாடி நடந்த சோதனைகள்ல அந்த 21-வது இடத்துல 'எதுவா இருந்தாலும் ஓகே'ன்னு விட்டிருந்ததால, யாருமே அந்தக் கதவைத் தட்டிப் பார்க்கலை. நிஜ அப்டேட் முதல் தடவையா தட்டினப்ப, கதவுக்குப் பின்னாடி வீடே இல்லை.

தப்பான அப்டேட்டை 78 நிமிஷத்துல திரும்ப எடுத்துட்டாங்க. ஆனா அதுக்குள்ள விழுந்த கம்ப்யூட்டர்கள்ல பெரும்பாலானதை யாராவது பக்கத்துல போய் உட்கார்ந்து கையால எழுப்ப வேண்டியிருந்தது. அனுப்பினது மெஷின், அள்ளினது மனுஷன். அந்த வகை அப்டேட்டைக் கொஞ்சம் பேருக்கு முதல்ல, மிச்சப் பேருக்கு அப்புறம்னு பிரிச்சு அனுப்புற வழக்கம் அப்ப அவங்ககிட்ட இல்லை. அதுக்கப்புறம்தான் கொண்டுவந்தாங்க.

நைட் கேபிடலையும் இதையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா எனக்குத் தோணுறது, மெஷின் நம்ம கவனத்தை வேகமாக்கும், நம்ம கவனக்குறைவையும் அதே வேகத்துல ஊர் பூரா கொண்டுபோய்ச் சேர்க்கும். அதனால மெஸ் பில்லா இருந்தாலும் முதல் மாசம் ஏ பிளாக்குக்கு மட்டும் விடுங்க. இதுக்கு 'கேனரி'ன்னு பேர். நிலக்கரிச் சுரங்கத்துல விஷ வாயு இருக்கான்னு தெரிஞ்சுக்க ஒரு சின்னக் குருவியை எடுத்துட்டுப் போவாங்களே, அது. (ஏ பிளாக் மக்கள் மன்னிக்க.) பழைய வெர்ஷனுக்குத் திரும்புற வழியையும் ஒரு தடவை நிஜமா நடந்து பாருங்க. தீ பிடிச்சப்புறம் பக்கெட் தேடினா என்ன ஆகும்னு மேலே பார்த்தோமே, ஏழு நல்ல சர்வரும் போச்சு.

யார் லேப்டாப், யார் ப்ராஜெக்ட்?

இவ்வளவும் டெக்னிக்கல். நான் இதை எழுத உட்கார்ந்ததுக்குக் காரணம் வேற.

எங்க டீம்ல நாலு பேர். ரெண்டு பசங்க, நான், என் ரூம்மேட். எங்க லேடீஸ் ஹாஸ்டல் கேட் ஏழு மணிக்கு மூடும். பசங்களோட நிஜ வேலை தொடங்குறதே ஒன்பது மணிக்கு மேல, அவங்க ஹாஸ்டல்ல, ஒருத்தனோட லேப்டாப்புல. காலையில பார்த்தா ப்ராஜெக்ட் எங்கேயோ போயிருக்கும். நாங்க எழுதின பகுதி அதுல பாதி இருக்கும், பாதி இருக்காது. "அது கான்ஃப்ளிக்ட் ஆச்சு, நானே மாத்தி எழுதிட்டேன்"னு பதில் வரும். ரெண்டு வாரம் ஆனதும், "நீங்க ரிப்போர்ட்டும் பி.பி.டி.யும் பார்த்துக்குங்களேன், உங்க இங்கிலீஷ் நல்லா இருக்கும்"னு ஒரு பாராட்டுப் பத்திரம்.

யாரும் கெட்டவங்க இல்லை. கெட்ட எண்ணமே தேவையில்லை, ஓடுற ப்ராஜெக்ட் ஒரே ஒரு லேப்டாப்ல இருந்தா போதும், மிச்சது தானா நடக்கும். வைவாவுல எக்ஸ்டர்னல் "நீ எதும்மா பண்ணின?"ன்னு கேட்கும்போது "டாக்குமென்டேஷன் சார்"னு சொல்ற பொண்ணுங்க எல்லாருக்கும் கோட் எழுத வராதுன்னு நினைக்கிறீங்களா? டே ஸ்காலர் பையன், பார்ட் டைம் வேலைக்குப் போற பையன், லேப்டாப்பே இல்லாம லேப் கம்ப்யூட்டரை நம்பியிருக்கிற பையன், இவங்களுக்கும் இதே கதிதான்.

போன செமஸ்டர்ல நானும் ரூம்மேட்டும் சேர்ந்து மேலே சொன்ன யாமல் ஃபைலை எழுதி ப்ராஜெக்ட்ல போட்டோம். கூடவே கிட்ஹப்ல ஒரு பூட்டு. டெஸ்ட் பச்சை ஆகாம மெயின் கோடுக்குள்ள எதையும் சேர்க்க முடியாது, அது யாரா இருந்தாலும். முதல் வாரமே ராத்திரி பதினொண்ணுக்கு போன்.

"ஏய், என் லேப்டாப்ல சூப்பரா ஓடுது. மெர்ஜ் பண்ண விட மாட்டேங்குது. அந்தப் பூட்டை எடு."

"சிவப்பா இருக்கேடா. எந்த டெஸ்ட்னு பாரு."

"ஏதோ மொத்தம் டேலி ஆகலைங்குது. ஒரு பைசாவுக்கு இவ்வளவு சீனா?"

"ஒரு பைசாதான். சரி பண்ணிட்டு அனுப்பு."

அரை மணி நேரம் கழிச்சு பச்சை வந்துது. ஹாஸ்டல் கட்டில்ல உட்கார்ந்துக்கிட்டே நான் என் பகுதியை அனுப்பினேன், அதுவும் பச்சை. அன்னிக்கு ராத்திரிதான் முதல் தடவையா எங்க நாலு பேருக்கும் ப்ராஜெக்ட் எந்த நிலைமையில இருக்குன்னு ஒரே நேரத்துல தெரிஞ்சுது. கேட் அப்பவும் ஏழு மணிக்குத்தான் மூடியிருந்தது.

லோகோ கண்காட்சி

ஊர் பூரா போஸ்டர் பார்க்கிறீங்க இல்லியா, 'மூணே மாசத்துல டெவாப்ஸ் இன்ஜினீயர்'னு? ஜென்கின்ஸ், டாக்கர், குபர்னெட்டிஸ், டெர்ராஃபார்ம்னு பத்து லோகோ வரிசையா. எல்லாமே நிஜமான, உபயோகமான சாமான்கள்தான். ஆனா மெஸ் பில்லுக்கு குபர்னெட்டிஸ் போடுறது நாலு இட்லி அவிக்கிறதுக்குக் கல்யாண மண்டபம் பிடிக்கிற மாதிரி. அப்பாகிட்ட ஃபீஸ் கேட்கிறதுக்கு முன்னாடி, உங்க மினி ப்ராஜெக்ட் ஒண்ணுக்கு இதை ஓசியில பண்ணிப் பாருங்க. மூணு டெஸ்ட், ஒரு யாமல், ஒரு பூட்டு. ஒரு சனி, ஞாயிறு போதும். அதுக்கப்புறமும் கோர்ஸ் தேவைப்பட்டா, அங்க போய்க் கேட்க வேண்டிய கேள்வியாவது கையில இருக்கும்.

ரிவ்யூ அன்னிக்கு ஸ்லைடு மேல ஸ்லைடா ஆர்க்கிடெக்சர் படம் காட்டுறதுக்குப் பதிலா இப்படிப் பண்ணுங்க. "சார், இந்தக் கணக்குல வேணும்னே ஒரு ப்ளஸ்ஸை மைனஸ் ஆக்குறேன், பாருங்க"ன்னு சொல்லி அவங்க கண்ணு முன்னாடியே புஷ் பண்ணுங்க. சிவப்பு வர ரெண்டு நிமிஷம் ஆகும். அந்த ரெண்டு நிமிஷத்துல அவங்க கேட்கிற கேள்விக்கு, டீம்ல யாரை எழுப்பிவிட்டாலும் பதில் வரணும்.